கர்த்தருக்கு ஊழியமா? கடைக்கு ஊழியமா?

மதமானது மக்களிடம் காசு பறிப்பதோடு நிற்பதில்லை. காசு இல்லாதவனுக்கும் உடம்பு இருக்கின்றதல்லவா? அந்த உடம்பின் உழைப்பையும் கூலியில்லாமல் வாங்கிக்கொள்ள அது வழி செய்து வைத்திருக்கின்றது. இந்துக்களிடத்தில் இதற்குக் கைங்கரியம் என்று பேர். கிறிஸ்தவர்களிடத்தில் ஊழியம் என்று பேர். பேர்தான் வேறே ஒழிய, சிந்துகின்ற வேர்வை ஒன்றுதான்.

நாம் துவேஷத்தினால் இப்படிச் சொல்லுவதாகச் சில கிறிஸ்தவ அன்பர்கள் கோபித்துக் கொள்ளக்கூடும். ஆகவே நம் அபிப்பிராயம் ஒருபுறம் இருக்கட்டும். அமெரிக்காவில் கோர்ட்டு ஏறிய இரண்டு வழக்குகளை மாத்திரம் எடுத்துக்காட்டுகின்றோம்.

முதலாவது, ஆர்க்கன்சா மாகாணத்து அலாமோ பவுண்டேஷன் என்னும் மத ஸ்தாபனத்தின் வழக்கு. இவர்கள் ஜெபம் மாத்திரம் நடத்தவில்லை. பெட்ரோல் கடை, துணிக்கடை, மளிகைக்கடை, பன்றிப் பண்ணை, வீட்டுக்குக் கூரை போடும் தொழில் எல்லாம் நடத்தினார்கள். வேலை செய்தவர்கள் சுமார் 300 பேர். இவர்களில் பெரும்பாலோர், போதை வஸ்துக்களாலும் வேறு வழிகளிலும் சீரழிந்து கிடந்து, பின்பு இந்த ஸ்தாபனத்தாரால் “இரக்ஷிக்கப்பட்டவர்கள்”. இவர்களுக்குச் சோறு, துணி, தங்க இடம் உண்டு. சம்பளம் மாத்திரம் கிடையாது. கூலிச் சட்டப்படி சர்க்கார் வழக்குத் தொடுத்தபோது, அந்த வேலைக்காரர்களே வந்து, “எங்களுக்குச் சம்பளம் வேண்டாம், நாங்கள் கர்த்தருக்கு உழைக்கின்றோம்” என்று சாக்ஷி சொன்னார்கள்!

ஆனால் 1985-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு இதற்கு மயங்கவில்லை. சோறும் துணியும் கூலியின் மறு ரூபமே என்றும், “வேண்டாம்” என்கிற வார்த்தையை ஒப்புக்கொண்டுவிட்டால் முதலாளிகள் தங்கள் பலத்தைக் கொண்டு எல்லாத் தொழிலாளிகளையும் அப்படியே சொல்லச் செய்துவிடுவார்கள் என்றும் சொல்லி, சட்டப்படி கூலி உண்டென்று தீர்ப்புச் செய்தது.

நிற்க, இரண்டாவது வழக்கைப் பாருங்கள். ஒஹையோ மாகாணத்தில் எர்னஸ்ட் ஆஞ்சிலி என்னும் பேர்போன பிரசங்கியின் சபைக்குச் சொந்தமாக ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. அது லாபத்திற்கு நடத்தும் கம்பெனியாகவே ரிஜிஸ்டர் செய்யப்பட்டு, காசு கொடுக்கும் எவருக்கும் சாப்பாடு விற்றது. சம்பளக்காரர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களோடு சபையார் பலரும் கூலியில்லாமல் நின்று வேலை செய்தார்கள். ஆள் போதாதபோது, பிரசங்க மேடையிலிருந்தே கூப்பாடு போகும். திரும்பத் திரும்ப மறுக்கிறவன் பரிசுத்த ஆவியைத் தூஷித்தவனாகலாம் என்று பிரசங்கியார் எச்சரிப்பார். அதுவோ அவர்கள் மதப்படி மன்னிப்பே இல்லாத பாவம்!

2017-ல் கீழ்க்கோர்ட்டு இவர்களுக்குச் சுமார் 3,88,000 டாலர் கொடுக்கச் சொல்லிற்று. ஆனால் 2018-ல் அப்பீல் கோர்ட்டு அதைத் தள்ளிவிட்டது. ஏன்? அலாமோ ஆட்கள் சோற்றுக்காவது ஸ்தாபனத்தை நம்பி இருந்தார்கள். இவர்களோ ஒன்றையுமே எதிர்பார்க்கவில்லை. கூலிச் சட்டம் தடுப்பது பொருளாதார நிர்ப்பந்தத்தைத்தானே ஒழிய, ஆத்மீக நிர்ப்பந்தத்தை அல்ல என்பது அதன் முடிவு.

தோழர்களே, இதன் அர்த்தமென்ன? சோறு போட்டு வேலை வாங்கினவன் சட்டத்தில் அகப்பட்டுக் கொண்டான். சோறுகூடப் போடாமல் நரகத்தைக் காட்டி வேலை வாங்கினவன் தப்பித்துக் கொண்டான்! முதலாளி, “வேலைக்கு வராவிட்டால் நாளைக்குச் சோறில்லை” என்றால் அது நிர்ப்பந்தம். பாதிரி, “வராவிட்டால் என்றென்றைக்கும் மீட்சியில்லை” என்றால் அது பக்தி! நம்புகிறவனுக்கு எது பெரிய பயம் என்று கேட்கின்றோம்.

“உங்கள் கூட்டங்களுக்கும் தொண்டர்கள் கூலியில்லாமல் பந்தல் போடவில்லையா?” என்று சிலர் கேட்பார்கள். ஆம், போடுகிறார்கள். ஆனால் நாளைக்கு வர முடியாது என்று ஒரு தோழர் சொன்னால் அவருக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. அவரை எந்த நரகத்திற்கும் அனுப்ப நம்மால் முடியாது. மறுக்க உரிமை உள்ள இடத்தில் செய்வதுதான் தொண்டு. மறுத்தால் பாவம் என்கிற இடத்தில் செய்வது அடிமைத்தனமேயாகும். நோயாளிக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றும் கிறிஸ்தவரை நாம் குறை சொல்ல வரவில்லை. அந்த நல்ல மனதை மூலதனமாக வைத்துக் கடை நடத்துகின்றவர்களையே சொல்லுகின்றோம்.

சட்டமானது கண்ணுக்குத் தெரிகிற சவுக்கைத்தான் பிடுங்கும். மனத்திற்குள் இருக்கின்ற சவுக்கை அவனவன் பகுத்தறிவுதான் பிடுங்க வேண்டும். ஆகையால் எந்த மதத்தைச் சேர்ந்தவரானாலும், ஊழியத்திற்கு வா என்று கூப்பிடுகிறவரைப் பார்த்து இரண்டே கேள்வி கேளுங்கள். “இந்த உழைப்பின் பலன் யாருக்குப் போகிறது? நான் வரமாட்டேன் என்றால் என்ன ஆகும்?” நேரான பதில் வந்தால் மனமிருந்தால் போங்கள். மோக்ஷத்தையும் நரகத்தையும் பற்றிப் பதில் வந்தால், ஒன்று உங்கள் கூலியைக் கேளுங்கள், அல்லது உங்கள் வீட்டுக்குத் திரும்புங்கள்.