அடித்த டைப்ரைட்டர் எது?

பழைய டைப்ரைட்டரில் அடித்ததுபோல் விளிம்பு பிசிறி, மை திட்டுத்திட்டாகப் படிந்த எழுத்துருவைக் கண்டதும் ரகசியக் கோப்பு, போலீஸ் அறிக்கை, மிரட்டல் கடிதம் என்று மனம் தானே முடிவுகட்டிவிடுகிறது. துப்பறியும் தொடர்களின் விளம்பரங்கள் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அதனால்தான். இந்த வாரம் ஒட்டப்பட்ட ஒரு சுவரொட்டியிலோ, ஒரே வரியில் வந்த ஆங்கில ஈ அத்தனையிலும் ஒரே இடத்தில் ஒரே மைத்திட்டு. இந்த அலட்சியத்தைப் பொறுத்துக்கொள்ளவே முடியாது.

இந்த வகையில் பெயர்பெற்றது ட்ரிக்ஸி. நெதர்லாந்தின் எரிக் வான் பிளாக்லாண்ட் நிஜமான டைப்ரைட்டர் எழுத்துகளைக் கணினியில் ஏற்றி உருவாக்கிய அது, 1991இல் வெளிவந்தது. 1993இல் தொடங்கிய ‘தி எக்ஸ்-ஃபைல்ஸ்’ தொடரால் உலகெங்கும் பரவியது. 1974இல் வந்த அமெரிக்கன் டைப்ரைட்டர் இதற்கு நேர் எதிர். அதில் அழுக்கும் இல்லை, ஐ-யும் எம்-மும் ஒரே அகலத்தில் நிற்க வேண்டிய கட்டாயமும் இல்லை. 

டைப்ரைட்டரின் குறைகள் இரண்டு வகை. உலோக எழுத்தின் முனை தேய்ந்தாலோ, அதைத் தாங்கும் கம்பி வளைந்தாலோ அந்தக் குறை ஒவ்வொரு முறையும் மாறாமல் விழும். ரிப்பனின் ஈரமும் விரலின் அழுத்தமும் அடிக்கு அடி மாறும். எனவே மையின் அடர்த்தியும் மாறியாக வேண்டும். ஈ, ஏ, ஓ ஆகியவற்றின் குழிகளில் ரிப்பன் நூலும் காய்ந்த மையும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். பிரஷ்ஷால் சுத்தம் செய்யும்வரை அங்கே கரும்புள்ளிதான். ஆக, தேய்மானமும் குழியின் அடைப்பும் திரும்பத் திரும்ப வரலாம், ரிப்பன் மையின் திட்டு வரக் கூடாது. ஓர் எழுத்துக்குப் பல வடிவங்கள் வைத்து மாற்றிமாற்றி இடும் எழுத்துருக்கள் இன்று கிடைக்கின்றன. பெரிய தலைப்புக்கு அவைதான் சரி. சிறிய அளவில் பிசிறுகள் ஒன்றோடொன்று கலந்து கண்ணை உறுத்தும்.

மாறாத அந்தத் தேய்மானம் ஒரு சாட்சி. 1891இல் வெளியான ‘எ கேஸ் ஆஃப் ஐடென்டிட்டி’ கதையில் ஷெர்லாக் ஹோம்ஸ், கலங்கிய ஈ-யையும் வால் குறைந்த ஆர்-ஐயும் வைத்தே கடிதங்களை அடித்தவனைப் பிடிக்கிறார். கோனன் டாயில் இதை எழுதியபோது டைப்ரைட்டர் விற்பனைக்கு வந்து இருபது ஆண்டுகூட ஆகவில்லை. துப்பறியும் கதைகளில் இதைவிடக் கூர்மையான கவனிப்பு அரிது.

1924இல் சிகாகோவில் அது நிஜமானது. பாபி ஃபிராங்க்ஸ் என்ற சிறுவனைக் கொன்ற லியோபோல்டும் லோபும் பணம் கேட்டுக் கடிதம் அடித்தது, மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர் விடுதி ஒன்றில் திருடிய அண்டர்வுட் போர்ட்டபிளில். பிறகு அதன் எழுத்துகளைப் பிடுங்கி, ஜாக்சன் பூங்கா நீரில் எறிந்தனர். ஆனால் லியோபோல்டின் சட்டப் படிப்புக் குழுவுக்கான குறிப்புகளும் அதே டைப்ரைட்டரில் அடிக்கப்பட்டிருந்தன. பத்திரிகை நிருபர்கள் அவற்றைத் தேடிப்பிடித்தனர். கடிதத்தில் இருந்த குறைகள் அவற்றிலும் இருந்தன.