சித்தம் என்பது தன்மையிடத்துச் சொல்

சில ஆண்டுகளுக்கு முன் நம் மாணவி ஒருத்தியின் தந்தை இறந்தார். கொத்தனார். மூன்றாம் மாடியின் வெளிச்சுவரில் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தபோது, சாரம் கட்டியிருந்த கயிறு அறுந்து விழுந்தார். இடுப்பில் பாதுகாப்பு வார் இல்லை. கீழே வலை இல்லை. அடக்க ஆராதனையில் போதகர் அரைமணி நேரம் பேசினார். இது தேவ சித்தம், ஏன் என்று மனிதன் கேட்கலாகாது, முறுமுறுப்பது பாவம், விசுவாசித்துக் கீழ்ப்படிவதே கிறிஸ்தவ வாழ்வு. இவ்வளவுதான் அவர் சொன்னது. முன்வரிசையில் அமர்ந்திருந்த கட்டட ஒப்பந்தக்காரர் தலைகுனிந்து 'ஆமென்' என்றார். அவர் உண்மையாகவே கண்கலங்கியிருந்தார் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

பத்து நாள் கழித்து வகுப்புக்குத் திரும்பிய அந்தப் பெண், எல்லோரும் போன பிறகு நம் மேசையருகே வந்து நின்றாள். "கயிறு நைஞ்சிருக்குன்னு அப்பா ரெண்டு நாளா சொல்லிக்கிட்டே இருந்தாரு ஐயா. அத மாத்தாம விட்டதும் தேவ சித்தந்தானா?" என்றாள். அன்று நம்மிடம் விடையில்லை. இலக்கியம் படித்தவர்கள் இத்தகைய வேளைகளில் செய்வதையே நாமும் செய்தோம்: தலையை அசைத்துவிட்டு மௌனமாக இருந்தோம். இக்கட்டுரை, காலம் தாழ்ந்து வரும் விடை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவோம். தேவ சித்தம் என்று ஒன்றில்லை என்பது நம் வாதமன்று. அதற்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை என்பதும் நம் வாதமன்று. அந்தச் சொல்லை யார், யாரிடம், எந்த இடத்தில் நின்று சொல்கிறார்கள் என்பதே நம் வினா. தமிழிலக்கணம் தன்மை, முன்னிலை, படர்க்கை என இடத்தை மூன்றாகப் பகுக்கிறது. தேவ சித்தத்துக்கு உட்படுதல் என்பது தன்மையிடத்தில் மட்டுமே மெய்யாகும் கூற்று என்கிறோம் நாம். முன்னிலையில் சொல்லப்படும் கணத்தில் அது அதிகாரமாகிறது. படர்க்கையில் சொல்லப்படும்போது வெறும் வம்பாகிறது.

'சித்தம்' என்ற சொல் நம் காதில் எப்படி விழுகிறது என்று சற்றே எண்ணிப் பாருங்கள். வடமொழியில் மனத்தைக் குறித்த சொல். தமிழில் விருப்பம், உள்ளக் கருத்து என்னும் பொருள்களை ஏற்றது. கத்தோலிக்கரின் 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியம் 'திருவுளம்' என்று சொல்ல, சீர்திருத்த சபையார் 'சித்தத்தை' விடாமல் வைத்திருக்கின்றனர். ஆனால் வேதத்துக்கு வெளியே தமிழர் இச்சொல்லை அதிகம் கேட்டது எங்கே? நாடக மேடையில், பின்னர் திரைப்படத்தில். அரசன் ஆணையிடுவான், சேவகன் குனிந்து 'சித்தம் மன்னா' என்பான். அவனுக்கு வினா இல்லை, தயக்கம் இல்லை, அடுத்த வசனமும் இல்லை. ஆலயத்தில் 'சித்தம்' என்று கேட்கும்போது நம் உள்ளத்தில் எழுவது கெத்செமனேத் தோட்டமா, அந்த அரசவையா? பெரும்பாலான பிரசங்கங்கள் அரசவையையே எழுப்புகின்றன என்பது நம் குற்றச்சாட்டு.

கெத்செமனேயில் நடந்ததோ வேறு. அங்கே இயேசு முதலில் வேண்டியது, பாத்திரம் தம்மைவிட்டு நீங்க வேண்டும் என்பது. தம் விருப்பம் அன்று, தந்தையின் விருப்பமே ஆகட்டும் என்பது அதன் பின் வருகிறது. மத்தேயுவின்படி மும்முறை சென்று செபிக்கிறார். அவர் வியர்வை இரத்தத் துளிகளைப் போல் விழுந்ததென்கிறது லூக்காவின் வழக்கு. பாத்திரத்தைக் குடிக்கப் போகிறவர் அவர். ஆகவே அதைப் பற்றிப் பேசும் உரிமையும் அவருடையது. முன்வரிசையில் அமர்ந்து பிறருடைய பாத்திரத்துக்கு 'ஆமென்' சொன்னவர் எவரும் அந்தத் தோட்டத்தில் இல்லை. சீடர்கள் உறங்கிக்கொண்டிருந்தார்கள், அந்த அளவுக்கேனும் அவர்கள் நேர்மையானவர்கள்.

இதே இயேசு துக்க வீட்டில் என்ன செய்தார்? லாசரு இறந்து நான்கு நாள் ஆனபின் பெத்தானியாவுக்கு வருகிறார். நீர் இங்கே இருந்திருந்தால் எங்கள் சகோதரன் இறந்திருக்க மாட்டான் என்று மார்த்தாள் சொல்கிறாள். பின்னர் மரியாளும் அதையே சொல்கிறாள். விசுவாசத்தோடு சொன்னாலும் அது ஒரு முறையீடுதான். எல்லாம் தந்தையின் சித்தம், முறுமுறுக்காதீர்கள் என்று சொல்ல அவரைவிடத் தகுதியானவர் யார்? அவர் சொல்லவில்லை. அழுதார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததைப் பற்றிப் பேசும்போதும், இறந்தவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடப் பாவிகள் அல்லர் என்றுதான் சொன்னார். சொல்லிவிட்டு, கேட்டுக்கொண்டிருந்தவர்களை நோக்கி நீங்கள் மனந்திரும்புங்கள் என்றார். படர்க்கையில் கிடந்த பேச்சைக் கேட்பவனின் தன்மைக்குத் திருப்பிவிட்டார். நம் அடக்க ஆராதனைகளில் எத்தனை முறை இந்தத் திருப்பம் நிகழ்ந்திருக்கிறது?

இனி யோபு. இந்நூலை நம் பிரசங்கிகள் பொறுமையின் நூல் என்கிறார்கள். அவர்கள் முதலிரண்டு அதிகாரங்களையும் கடைசி அதிகாரத்தையும் மட்டும் படிக்கிறார்கள் என்று ஐயுற வேண்டியிருக்கிறது. 42 அதிகாரங்களில் முன்னும் பின்னும் உள்ள உரைநடையை நீக்கினால் எஞ்சுவது கவிதை. அக்கவிதையின் பெரும்பகுதி வழக்காடல். யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். கடவுளை நீதிமன்றத்துக்கு அழைக்கிறான். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்ற நண்பர் மூவரும் ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையில் வாய்திறவாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் செய்த நற்செயல் அது ஒன்றே. பிறகு பேசத் தொடங்குகிறார்கள். கடவுள் நீதியுள்ளவர், துன்பத்துக்குக் காரணம் உண்டு, பணிந்து போ என்கிறார்கள். தனித்தனியே எடுத்துப் பார்த்தால் அவர்கள் சொன்னவற்றில் பாதியை எந்த ஞாயிற்றுக்கிழமையும் கேட்கலாம்.

கடைசியில் கடவுள் யாரைக் கடிந்துகொள்கிறார்? தமக்காக வாதாடிய மூவரையும்தான். யோபு தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியதுபோல் அவர்கள் பேசவில்லை என்று கோபங்கொண்டு, யோபு அவர்களுக்காக வேண்டுதல் செய்ய வேண்டும் என்கிறார். யோபுவும் கடைசியில் பணிகிறான் அல்லவா என்று கேட்கலாம். பணிகிறான். நண்பர்கள் சொல்லி அவன் பணியவில்லை. கேட்டுக் கேட்டு, எதிரே வந்து நின்ற கடவுளின் குரலைத் தானே கேட்டுப் பணிகிறான். அந்தப் பணிவு அவனுடையது.

ஆபிரகாமையும் நாம் இப்படித்தான் பாதியாக்கி வைத்திருக்கிறோம். ஈசாக்கைப் பலியிட மோரியா மலைக்குச் சென்றது ஆதியாகமம் 22ஆம் அதிகாரம். கீழ்ப்படிதலுக்கு எடுத்துக்காட்டாக எப்போதும் அதுவே வரும். நான்கே அதிகாரங்களுக்கு முன், 18இல், இதே மனிதன் சோதோமுக்காகக் கடவுளோடு பேரம் பேசுகிறான். ஐம்பது நீதிமான்கள் என்று தொடங்கிப் பத்து வரை இறக்கிக்கொண்டு வருகிறான். கடவுள் ஒரு முறையும் அவன் வாயை அடைக்கவில்லை. இது தமிழ் வாசகர்க்கு அந்நியமான செய்தியன்று. கண்பார்வை இழந்த சுந்தரர் தலந்தோறும் இறைவனிடம் முறையிட்டுப் பாடியதைப் பெரிய புராணம் சொல்கிறது. வன்தொண்டர் என்பது அவர் பெயர். வன்மையும் தொண்டும் ஒரே பெயரில் இருக்கக்கூடும் என்பதை நம் மரபு அறியும்.

'கீழ்ப்படிதல்' என்ற சொல்லே நம்மைத் திசைதிருப்புகிறதோ என்றும் தோன்றுகிறது. அச்சொல்லில் மேல் உண்டு, கீழ் உண்டு, காது இல்லை. எபிரேயத்தில் 'ஷமா' என்னும் வினை கேட்பதையும் பணிவதையும் ஒருங்கே குறிக்கும். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லும், இலத்தீன் சொல்லும் செவிமடுத்தலை வேராகக் கொண்டவை. இந்த வகையில் தமிழ் இன்னும் வளமுடையது. 'சொன்ன பேச்சைக் கேள்' என்று தாய் குழந்தையிடம் சொல்கிறாள். அங்கே கேட்டல் என்றால் பணிதல். பாட்டுக் கேட்கிறோம், அங்கே செவிமடுத்தல். கேள்வி கேட்கிறோம், அங்கே வினவுதல். கேள் என்ற பெயர்ச்சொல்லுக்கோ உறவு என்று பொருள். கேளிர், கேண்மை என்பன சங்க நூல்களில் பயில்பவை. பணிதல், செவிமடுத்தல், வினவுதல், உறவு ஆகிய நான்கையும் ஒரே ஒலியில் வைத்திருக்கும் மொழியில் பிறந்துவிட்டு, வினவினால் பணிவு கெட்டுவிடும் என்று அஞ்சுவது விந்தை.

இத்தனையும் சொற்சிலம்பம் என்று கருதுவோருக்காக ஒரு வாழ்க்கையை முன்வைக்கிறோம். ஆஸ்திரியாவின் சாங்க்ட் ராடெகுண்ட் என்னும் சிற்றூரில் 1907இல் பிறந்தவர் ஃபிரான்ஸ் யேகர்ஷ்டெட்டர். உழவர், கத்தோலிக்கர், ஊர் ஆலயத்தில் கோயிற்பணியாளராகவும் இருந்தார். மனைவி ஃபிரான்சிஸ்கா. மூன்று பெண் குழந்தைகள். இராணுவப் பயிற்சி முடித்துப் பண்ணைக்குத் திரும்பியவர், ஹிட்லரின் போர் அநீதியானது, அதில் இனிப் பங்கேற்பது பாவம் என்ற முடிவுக்கு வந்தார். தம் முடிவைச் சோதித்துக்கொள்ளத் திருச்சபையாரிடம் சென்றார். லின்ஸ் மறைமாவட்ட ஆயரையே நேரில் கண்டார். குடும்பத்தை நினை, போரின் நியாயத்தைத் தீர்மானிப்பது உன்னைப் போன்ற குடிமகனின் பொறுப்பன்று என்ற போக்கிலேயே அவருக்கு அறிவுரை கிடைத்தது. ஆளுகிறவர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று ரோமர் நிருபத்தின் 13ஆம் அதிகாரம் சொல்கிறதே என்பவர்களும் இருந்தனர். 1943 மார்ச் மாதத் தொடக்கத்தில் படை முகாமுக்குச் சென்று, ஆயுதமேந்திப் போரிட மாட்டேன் என்றார். ஜூலை 6ஆம் நாள் பெர்லினில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஆகஸ்ட் 9ஆம் நாள் பிராண்டன்பர்க் சிறையில் தலை வெட்டப்பட்டது. வயது 36.

போருக்குப் பின்னும் ஊரில் பலர் அவரைப் பிடிவாதக்காரர், குடும்பத்தைக் கைவிட்டவர் என்றே பேசினர். பெர்லின் நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியது 1997இல். திருச்சபை அவரை அருளாளர் என அறிவித்தது 2007 அக்டோபரில். முதுமையில் இருந்த ஃபிரான்சிஸ்கா அந்த விழாவில் இருந்தார். டெரன்ஸ் மாலிக்கின் திரைப்படம் வந்தது 2019இல்.

இங்கே கீழ்ப்படிந்தவர் யார்? அறிவுரை கூறியவர்கள் அனைவரும் கீழ்ப்படிதலைப் பற்றியே பேசினார்கள். கடவுளின் சித்தத்துக்குக் கீழ்ப்படிந்தவரோ, அவர்கள் அனைவருக்கும் கீழ்ப்படியாதவர். அவர் செவிமடுத்தார், வினவினார், அதன் பின் பணிந்தார். அந்த முடிவின் விலையைப் பிறர் தலைமேல் ஏற்றாமல் தம் தலையைக் கொடுத்தார். விலையின் ஒரு பங்கு மனைவிமேலும் விழுந்தது உண்மை. முதலில் தடுக்க முயன்ற அவரும் பின்னர்த் தாமே அதை ஏற்று நின்றார். அவர் ஏற்றதும் தன்மையில்தான்.

கிறிஸ்தவப் பணிவு என்பதே அடிமைப் புத்தி என்று எழுதும் நம் சிற்றிதழ் நண்பர்களுக்கும் இதுவே நம் மறுமொழி. ஒரு பேரரசு தன் முழு வலிமையோடும் சேர்ந்து பணியவைக்க முடியாத உழவன், பணிவு என்னும் சொல்லின் பேரால்தான் நிமிர்ந்து நின்றான். போதகரும் நீங்களும் ஒரே பிழையைச் செய்கிறீர்கள். பணிவுக்கு அரசவைப் பொருள் ஒன்றே உண்டென்று நம்புகிறீர்கள். அவர் அதைப் போற்றுகிறார், நீங்கள் தூற்றுகிறீர்கள்.

ஓர் எதிர்வாதம் எஞ்சுகிறது. துயருற்றவர்களே 'எல்லாம் அவர் சித்தம்' என்று சொல்லி ஆறுதல் அடைகிறார்களே, அதைப் பறிக்கலாமா? பறிக்கக் கூடாது. அந்தக் கொத்தனாரின் மனைவி அப்படிச் சொல்லியிருந்தால் நாம் கைகூப்பி நின்றிருப்போம். அவர் வாயில் அது விசுவாசத்தின் உச்சம். அவர் சொல்வதற்கு முன் அவருக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதைத்தான் எதிர்க்கிறோம். 'நாம் தேவ சித்தத்துக்குக் கீழ்ப்படிய வேண்டும்' என்றார் போதகர். தமிழில் 'நாம்' என்பது கேட்பவரையும் உளப்படுத்தும் பன்மை. சொல்பவர் அதில் இருக்கிறாரா என்பது இலக்கணத்துக்கு அப்பாற்பட்ட வினா. அந்த வீட்டின் அடுத்த மாத வாடகையில், அந்தப் பெண்ணின் கல்விக் கட்டணத்தில் பங்கு கொண்டிருந்தால் அந்த 'நாம்' மெய். இல்லையெனில் அது 'நீங்கள்' என்பதன் மாறுவேடம். அன்று மௌனமாக இருந்த நமக்கும் இது பொருந்தும்.

இப்போது அந்த மாணவியின் வினாவுக்கு வருவோம். கட்டடத்திலிருந்து மனிதன் விழுவதைப் பற்றித் தேவ சித்தம் என்ன என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, அது எழுதப்பட்டிருக்கிறது. புதிய வீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும், ஒருவன் அங்கிருந்து விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்று உபாகமம் 22ஆம் அதிகாரத்தின் 8ஆம் வசனம் கட்டளையிடுகிறது. விழுந்தவனுக்கு அதில் கட்டளை எதுவும் இல்லை. கட்டுகிறவனுக்கு உண்டு.

ஆகவே, அம்மா, நைந்த கயிற்றை மாற்றாமல் விட்டது தேவ சித்தமன்று. மாற்ற வேண்டும் என்பதே தேவ சித்தமாக இருந்தது. உன் தந்தை அதை இரண்டு நாள் எடுத்துச் சொன்னார். கேட்க வேண்டியவர் கேட்கவில்லை.