நற்சான்றிதழும் நாவடக்கமும்

இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பீடத்திலிருந்த கன்ரபெரிப் பேராயர் ஜஸ்ரின் வெல்பி, 2024 நவம்பரிற் பதவி துறப்பதாக அறிவித்தார். ஜோன் சிமைத் என்னும் வழக்கறிஞர் சிறுவருக்கு இழைத்த கொடுமைகளை ஆராய்ந்த அறிக்கையே அதற்குக் காரணம்.

சிமைத் குருவானவரல்லர், கிறித்தவ விடுமுறை முகாம்களின் தொண்டர். அவர் மாணவரைக் குருதி சிந்தப் பிரம்பாலடித்தமை 1982இலேயே முகாம் நடத்தியோருக்கு எழுத்தில் வந்தது. அவர்கள் பொலிசாருக்கு அறிவித்திலர். அவரோ 1984இற் சிம்பாப்வே சென்று அங்கும் முகாம் நடத்தினார். 2013இல் திருச்சபைத் தலைவர்கள் அறிந்த பின்னரும் உரிய முறைப்பாடு செய்யப்படவில்லை என்கிறது அவ்வறிக்கை. 2018இல் அவர் தண்டனையின்றியே இறந்தார்.

இன்று அந்நாட்டிற் சிறுவரிடைத் தொண்டாற்ற வருவோரின் குற்றப்பதிவு ஆராயப்படுகின்றது. நன்று. ஆயினும், பதிவில் ஏறாததைச் சான்றிதழ் எங்ஙனங் காட்டும்? 1982இல் அச்சோதனை இருந்திருப்பினும் சிமைத் குற்றமற்றவராகவே தேறியிருப்பார்.

முன்னொருகால் யான் கற்பித்த பாடசாலையொன்றில் உடனாசிரியர் ஒருவர் மாணவனை அளவிறந்து அடித்தார். 'பாடசாலையின் பெயர் கெடும்' என்றனர், யானும் வாய்மூடினேன். நாவடக்கம் அறமென்று மாணவருக்கு நாடோறுங் கற்பித்தவன் யான். கண்ட கொடுமையை மறைக்கும் நாவடக்கம் அறமன்று என்பதையுஞ் சேர்த்துக் கற்பித்திருத்தல் வேண்டும்.