பேரும் பிரட்டும்

பட்டப்பின் படிப்பாகப் பிரயோக மொழியியலைப் பயிலும் மாணவர்களுக்கு ஒன்று கூற விரும்புகிறேன். 1957இல் எடின்பரோப் பல்கலைக்கழகம் இத்துறைக்கெனத் தனிப் பள்ளியொன்றைத் தொடங்கிற்று. மொழியைப் பற்றிய அறிவைப் பாடசாலை, நீதிமன்றம், மருத்துவமனை முதலிய இடங்களில் மக்களுக்குப் பயன்படச் செய்வதே இத்துறையின் நோக்கம். அந்நோக்கத்துக்கு நோட்டன் பிரிட்ஜைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்கள் தக்கதொரு களமாகும்.

ஆங்கிலப் 'பரேட்' அங்கே 'பிரட்டு' ஆயிற்று. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடம் பிரட்டுக்களம். 'லைன்' லயமாயிற்று. 'பேர்' என்பதோ ஒரு நாட் கூலி. கொழுந்து குறைந்தால் 'அரைப் பேர்'. தனக்கு அரைப் பேரே விழுந்ததென்று ஒரு தாய் முறையிடும்போது, கேட்கும் அதிகாரிக்கு அது விளங்காவிடில் இழப்பு அவளுக்கே. இச்சொற்களைக் கொச்சையென்று ஆசிரியர் அடித்துவிட்டால், அவள் பிள்ளை வகுப்பில் வாய் திறக்க அஞ்சும்.

சி. வி. வேலுப்பிள்ளை இம்மக்களின் நாட்டுப் பாடல்களைத் தொகுத்துக் காத்தார். இவர்தம் அன்றாடப் பேச்சும் அவ்வாறே தொகுக்கப்படல் வேண்டும். மாணவர்தம் ஆய்வேடு நூலகத்தில் உறங்கிவிடாமல், தோட்டப் பாடசாலை ஆசிரியரின் கைக்கு ஒரு சிறு சொற்கோவையாக வந்து சேருமாயின், அப்படிப்பினால் மலையகம் பயன் பெறும்.