ஒரே ‘டேங்க்’கில் அடங்காத நீர்நிலைகள்

2025-ஆம் ஆண்டின் நடுவில் ஒரு ரீல்ஸ் காணொளி கூமாப்பட்டியின் பெயரைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டு சேர்த்தது. தண்ணீரைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வத்திராயிருப்புப் பக்கம் கிளம்பினார்கள். அந்தத் தண்ணீர் மேற்குத் தொடர்ச்சி மலையில் இறங்கி, பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளில் தேங்கி, கண்மாய்களுக்குப் போய், மடை வழியாக நெல்வயலைச் சேருகிறது. பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயிலுக்குரிய திருமுக்குளம் இருக்கிறது; பாசனத்துக்குப் பெரியகுளம் கண்மாய் இருக்கிறது. கிழக்கே கரிசல் காட்டு ஊர்களில் குடிநீருக்கென்றே வெட்டிய ஊருணிகள் உண்டு. இத்தனைக்கும் ஆங்கிலக் கோப்புகளில் ஒரே சொல்தான்: டேங்க். எதை எவ்வளவு ஆழம் தோண்டலாம், எந்த நீர்நிலைக்குச் சட்டம் துணை நிற்கும் என்பது வரைக்கும் இந்த ஒற்றைச் சொல்லின் மயக்கம் நீள்கிறது. அதனால் இதை மொழி ஆர்வலர்களின் தனிக் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது.

டேங்க் என்றால் இன்றைய மாணவருக்கு மொட்டைமாடித் தொட்டி, பைக்கின் பெட்ரோல் டேங்க், போர்க்களத்துப் பீரங்கி வண்டி. பீரங்கி வண்டிக்கு அந்தப் பெயர் வந்ததே மறைப்பதற்காக. முதல் உலகப் போரின்போது புதிய ஆயுதத்தின் ரகசியத்தைக் காக்க, ஏதோ தண்ணீர்த் தொட்டி செய்கிறோம் என்பதுபோல் பிரிட்டிஷ் ராணுவம் அப்படி அழைத்தது. ஆனால் சொல்லின் பழைய பொருளில் இந்திய மண் ஒட்டியிருக்கிறது. குஜராத்திப் பக்கத்துச் சொல்லும் போர்த்துக்கீசியச் சொல்லும் கலந்து அது ஆங்கிலத்துக்கு வந்ததாகச் சொல்லாய்வாளர்கள் கருதுகிறார்கள். சென்னை மாகாண அதிகாரிகள் கரை கட்டித் தண்ணீர் தேக்கிய எல்லாவற்றையும் அந்தச் சொல்லுக்குள் போட்டார்கள். 1883-இல் அவர்கள் தொடங்கிய சீரமைப்புத் திட்டத்தின் பெயரிலும் அதுதான் இருந்தது.

இந்தச் சொல் மறைக்கும் வேறுபாட்டை மண்வெட்டி பிடித்தவர்கள் நன்றாக அறிவார்கள். கண்மாய்க்கு ஒரு பக்கம் கரை. மறுபக்கம் தண்ணீர் வந்து சேரும் உள்வாய். கரையில் மடை, நிறைந்தால் மறுகால் பாயக் கலுங்கு, கீழே ஆயக்கட்டு எனப்படும் பாசன நிலம். அதன் தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாக ஓடித்தான் வயலுக்குப் போக வேண்டும். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தப் பள்ளத்துத் தண்ணீர் வயலுக்கு ஏறாது. நிலத்தடிக்கு இறங்கிக் கிணறுகளுக்கு உதவலாம். மடையை நம்பிய கடைசி வயலுக்கு உதவாது. ஊருணியில் நிலைமை வேறு. அங்கே குடத்தில் மொள்கிறார்கள். பரப்பு குறைந்து ஆழம் கூடினால் கோடையில் ஆவியாவது குறையும், நல்லதுதான். ஆனால் அதில் குளிக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, மாடு இறங்கக் கூடாது. கோயில் குளத்துக்கோ ஆயக்கட்டே கிடையாது. அதன் உயிர் வரத்துக்காலில் இருக்கிறது. வரத்துக்காலை அடைத்துவிட்டுப் படிக்கட்டுக்கு மட்டும் சிமெண்டு பூசினால் குளம் காய்ந்தே கிடக்கும். மூன்றுக்கும் ‘டேங்க் தூர்வாருதல்’ என்று ஒரே மதிப்பீடு போட்டால், தோண்டிய மண்ணின் கன அளவுதான் கணக்கில் நிற்கும்.

சட்டத்தைப் பாருங்கள். 2007-இல் தமிழ்நாடு கொண்டுவந்த ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் பொதுப்பணித் துறையின் கட்டுப்பாட்டில் உள்ளவற்றுக்கென்று இயற்றப்பட்டது. பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை அந்தத் துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருந்துவந்தன. பாசனமே இல்லாத ஊருணி இந்த அளவுகோலில் எங்கே வரும்? 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் அதற்கும் உண்டு என்பது உண்மை. ஆனால் நீர்நிலைக்கென்றே எழுதிய சட்டத்துக்கு வெளியே, குடிநீர் தரும் நீர்நிலை நிற்கிறது.

2023-இல் வெளியான நாட்டின் முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பு இதைவிட வெளிப்படையான சான்று. அதன்படி ‘டேங்க்’ அதிகமுள்ள மாநிலம் ஆந்திரம். ‘லேக்’ அதிகமுள்ள மாநிலம் தமிழ்நாடு. இரண்டு மாநிலத்திலும் முன்னோர் கட்டியது ஒரே மாதிரிக் கரைகளைத்தான். அங்கே தெலுங்குச் செருவு டேங்காகவும் இங்கே ஏரி லேக்காகவும் பெயர்க்கப்பட்டதுதான் இந்த வித்தியாசத்துக்குப் பெரிய காரணமாக இருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. இந்தக் கணக்கை வைத்து நிதி பிரித்தால், பிரிப்பது மொழிபெயர்ப்பாளரின் கை.

தமிழிலேயே ஒழுங்கு இல்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காஞ்சிபுரத்து ஏரி ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கண்மாய், திருநெல்வேலியிலும் ஈழத்திலும் குளம். ‘பெரியகுளம் கண்மாய்’ என்ற பெயருக்குள்ளேயே இரண்டும் இருக்கின்றன. ஆனால் இவை மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும் ஒருபொருட் சொற்கள். ஒரே ஊருக்குள் கண்மாயையும் ஊருணியையும் யாரும் மாற்றிச் சொல்வதில்லை. பொதுச்சொல் இல்லாமல் நிர்வாகம் நடக்காது என்பார்கள். இருக்கட்டும், பொதுச்சொல்லுக்கு அடுத்து ஊர்ப்பெயருக்கும் பயனுக்கும் ஒரு கட்டம் சேர்ப்பதில் என்ன கஷ்டம்? ஆங்கிலம் இடம் தராது என்பதும் சரியல்ல. ஆயக்கட்டையும் கலுங்கையும் சென்னை மாகாணப் பொறியாளர்கள் அப்படியே ஆங்கில எழுத்தில் எழுதித்தான் வேலை பார்த்தார்கள். கண்மாயும் ஊருணியும் அதேபோல் எழுதப்படலாம்.

அடுத்த கணக்கெடுப்புப் படிவத்தில் அந்தக் கட்டம் வேண்டும் என்று மாநில அரசு கேட்க வேண்டும். 2007-ஆம் ஆண்டுச் சட்டம் ஊருணியையும் குட்டையையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். அதுவரை காத்திராமல் ஊர்க்காரர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்று கிராம சபை கூடுகிறது. உங்கள் ஊர் நீர்நிலை ஒவ்வொன்றின் பெயர், வகை, வரத்துக்கால், மடை, கலுங்கு ஆகியவற்றை எழுதி அன்று தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள்.