அனுப்பியது புதுப் புடவை, திரும்பி வந்தது பழசு: ஆன்லைன் விற்பனையாளர்கள் என்ன செய்யலாம்?

அனுப்பியது புத்தம் புதுப் புடவை. ஒரு வாரம் கழித்து ரிட்டர்ன் பார்சலைப் பிரித்தால், உள்ளே சாயம் போன பழைய புடவை. "அட, இது நம்ம சரக்கே இல்லையே!" என்று விற்றவர் பதறுவதற்குள், வாங்கியவரின் கணக்குக்குப் பணம் திரும்பிப் போயிருக்கும்.

சேலம் இளம்பிள்ளையில் புடவை விற்பவருக்கும் வரலாம், திருப்பூரில் டி-ஷர்ட் விற்பவருக்கும் வரலாம். ஒரு கல்யாணத்துக்கு உடுத்திவிட்டு 'பிடிக்கவில்லை' என்று திருப்பி அனுப்புவது, பொருளை மாற்றி வைப்பது, வெறும் டப்பாவை ஒட்டி அனுப்புவது என இதில் பல ரகம்.

ஒரு ரிட்டர்ன், ஏழு புடவை லாபம்

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். புடவையின் அடக்க விலை 450 ரூபாய், பேக்கிங் 15, ரிட்டர்ன் கூரியர் கட்டணம் 95 என்று வைத்துக்கொள்வோம். மாற்றி அனுப்பப்பட்ட ஒரே ஒரு புடவையால் 560 ரூபாய் போச்சு. ஒரு புடவைக்கு 80 ரூபாய் லாபம் என்றால், ஏழு புடவை விற்ற லாபம் அப்படியே காலி. பெரிய நிறுவனத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை. வீட்டுக் கூடத்தில் பேக்கிங் செய்யும் ஒருவருக்கு இது அந்த வாரத்து வருமானம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2020-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிக) விதிகளின்படி, பொருள் பழுதாக இருந்தாலோ, போலியாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ, சொன்ன தேதியைத் தாண்டி வந்தாலோ விற்பனையாளர் அதைத் திரும்பப் பெற மறுக்க முடியாது. இது நியாயமான விதி. இதில் யாரும் கை வைக்கக் கூடாது.

ஆனால் 'மனசு மாறிடுச்சு' என்பது அந்தப் பட்டியலில் இல்லை. அந்தச் சலுகையைத் தருவது சட்டம் அல்ல, ஆப் நிறுவனங்களின் கொள்கை. வாடிக்கையாளரை இழுக்கச் சலுகை அறிவிப்பது ஒருவர், பெரும்பாலும் அதன் செலவைச் சுமப்பது இன்னொருவர். சிக்கலின் வேர் இதுதான்.

இன்னொன்றும் உண்டு. சட்டப்படி ஏற்கெனவே நீக்கப்பட்ட பொருளைத் திரும்பத் திரும்ப விற்பனைக்கு வைப்பவர்களை அடையாளம் காணும் பதிவை மார்க்கெட்பிளேஸ் நிறுவனங்கள் பராமரிக்க முயல வேண்டும் என்கின்றன அதே விதிகள். திரும்பத் திரும்ப ஏமாற்றி ரிட்டர்ன் செய்பவர்களுக்கு அப்படி ஒரு பதிவு கேட்கப்படவில்லை.

விற்பனையாளர் கையில் இருப்பது என்ன?

* இரண்டு வீடியோ: பேக் செய்யும்போது ஒன்று, ரிட்டர்னைப் பிரிக்கும்போது ஒன்று. பிரிக்காத பார்சலின் எல்லாப் பக்கமும், லேபிளில் உள்ள டிராக்கிங் எண்ணும் தெரிய வேண்டும். இடையில் கட் இருக்கவே கூடாது. எடை மெஷினில் வைத்துக் காட்டினால் இன்னும் நல்லது.

* டேக்: அறுத்தால் மீண்டும் மாட்ட முடியாத டேக்கை, வெளியில் தெரியும் இடத்தில் போடுங்கள். அதில் ஒரு வரிசை எண் இருந்தால், பொருள் மாறியதைக் காட்டுவது எளிது.

* நாள் தள்ளாதீர்கள்: அமேசானின் 'சேஃப்-டி க்ளெய்ம்', ஃப்ளிப்கார்ட்டின் 'எஸ்.பி.எஃப்' போன்ற இழப்பீட்டு வழிகளுக்குக் காலக்கெடு உண்டு. அது அவ்வப்போது மாறும். ரிட்டர்ன் மூட்டையை 'ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கலாம்' என்று ஓரம் கட்டினால், உரிமையும் ஓரம் போய்விடும்.

* சுருக்கமாக எழுதுங்கள்: என்ன அனுப்பினோம், என்ன வந்தது, என்ன ஆதாரம், எவ்வளவு இழப்பு. இந்த நான்கும் போதும். கோபம் க்ளெய்மை ஜெயிக்க உதவாது. நிராகரித்தால், சொன்ன காரணத்துக்கு மட்டும் பதில் தந்து மேல்முறையீடு செய்யலாம்.

* இதைச் செய்யாதீர்கள்: வாங்கியவருக்கு போன் போட்டு மிரட்டுவது, அவரது முகவரியை வாட்ஸ்அப் குழுவில் போடுவது. நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் கணக்கு முடங்கலாம். தொகை பெரிது என்றால் போலீஸில் புகார் தரலாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவு மோசடியைப் பற்றியது.

ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. எல்லா ரிட்டர்னும் மோசடி அல்ல. படத்தில் ஒரு நிறம், கையில் வேறு நிறம் என்றால் வாங்கியவர் திருப்பி அனுப்பத்தான் செய்வார். பகல் வெளிச்சத்தில் எடுத்த படமும், டேப் வைத்து அளந்த அளவும் பாதிச் சண்டையைத் தவிர்க்கும்.

நிறுவனங்கள் செய்ய வேண்டியது

வீடியோ எடுப்பது விற்பவரின் வேலை என்றால், வாசலில் ரிட்டர்னை வாங்கும்போது பிரித்துப் பார்ப்பது நிறுவனத்தின் வேலை. க்ளெய்மை நிராகரித்தால் காரணத்தை ஒரு மனிதர் எழுதித் தர வேண்டும். ஒரே கணக்கிலிருந்து மாற்றிய பொருள் மூன்று முறை வந்தால், நான்காவது விற்பனையாளருக்கு நஷ்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அந்தத் தகவல் மொத்தமும் நிறுவனத்தின் கையில்தானே இருக்கிறது?

வாங்குபவரின் நம்பிக்கையில் வளர்ந்ததுதான் ஆன்லைன் வியாபாரம். அந்த நம்பிக்கைக்கான செலவைச் சின்னக் கடைக்காரர் மட்டுமே கட்டிக்கொண்டிருக்க முடியாது.