மலையை மறந்த மருத்துவமனைகள்

மூணாறு தோட்டத் தொழிலாளிக்கு நோய் முற்றினால், குடும்பம் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கித் தேனி அரசு மருத்துவக் கல்லூரிக்கு ஓடுகிறது. பாலக்காட்டு மலையிலுள்ள அட்டப்பாடிக்காரர்கள் கோவைக்குப் போகிறார்கள். மருத்துவர் பற்றாக்குறை பற்றி எல்லோரும் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். மருத்துவமனைக் கட்டிடத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆபத்து அங்கேயும் இருக்கிறது.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் நிலச்சரிவில் புதைந்து 70 பேர் மாண்டார்கள். மலையில் ஒரு மருத்துவமனை எந்தச் சரிவில் நிற்கிறது, பாதை அறுந்துபோனால் எத்தனை நாள் சொந்தத் தண்ணீரிலும் மின்சாரத்திலும் தாக்குப்பிடிக்கும் என்பதெல்லாம் உயிர்ப் பிரச்சினை. பெட்டிமுடிக்கு அப்பால் இடமலைக்குடி. 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்தான அங்கிருந்து, நோயாளியைத் தோளில் சுமந்து வரும் செய்தி இன்னும் ஓயவில்லை. சில நாள் முன்னதாகவே வந்து தங்க வேண்டிய நிறைமாதக்காரி எங்கே படுப்பாள்? துணைக்கு வந்த பாட்டி எங்கே கஞ்சி வைப்பாள்? சமவெளிக்குப் போட்ட வரைபடத்தை மலைக்கும் நீட்டுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. 2013இல் அட்டப்பாடியில் பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து மடிந்தபோதும் கட்டில், கருவி, ஆள் என்றுதான் கேட்டோம்.

தூய்மைக்கும் தொற்றுத் தடுப்புக்கும் மத்திய அரசு 2015 முதல் காயகல்ப் விருது தருகிறது. நல்ல காரியம். நல்ல வடிவமைப்பையும் அதே அக்கறையோடு தேடிப் பாராட்டினால்தான் பொறியாளர் பழைய வரைபடத்தை மூடிவைப்பார். வங்கதேசத்தின் சாத்கிரா மாவட்டத்தில், உப்புநீர் சூழ்ந்த புயல் பூமியில், 80 படுக்கை கொண்ட ஃபிரெண்ட்ஷிப் மருத்துவமனையைக் காஷெஃப் சௌத்ரி வடிவமைத்தார். வளாகத்தின் நடுவே ஓடும் கால்வாய் மழைநீரைச் சேர்க்கிறது, கட்டிடத்தைக் குளிர்விக்கிறது, உள்நோயாளிப் பகுதியைப் பிரித்தும் வைக்கிறது. பிரிட்டிஷ் கட்டிடக் கலைஞர்கள் கழகமான ரிபாவின் 2021ஆம் ஆண்டுக்கான சர்வதேசப் பரிசு அதற்குத்தான் கிடைத்தது.

நமக்கு வங்கதேசம்கூடத் தேவையில்லை. 1960களில் கட்டிடக் கலைஞர் லாரி பேக்கரும் மருத்துவரான அவர் மனைவி எலிசபெத்தும் கேரள மலையூரான வாகமண்ணில் குடியேறி மருத்துவமனை நடத்தினார்கள். உள்ளூர்ப் பொருளையும் உள்ளூர்க் கைகளையும் நம்பிக் கட்டியவர் பேக்கர். கேரளம் அவரைக் கொண்டாடுகிறது. அவர் காட்டிய வழியை மலை மருத்துவமனைகளில் காணோம்.

இடுக்கியிலும் பாலக்காட்டு மலைகளிலும் அடுத்த மருத்துவமனைக்கு ஒப்பந்தப்புள்ளி கோருமுன், வரைபடத்தைப் பழங்குடிக் குடியிருப்புகளிலும் லயங்களிலும் விரித்துக் காட்டுங்கள். செவிலியரும் பழங்குடித் தலைவரான மூப்பரும் பார்த்துச் சரியென்று சொல்லாமல் ஒரு கல்லும் வைக்கக் கூடாது.